பக்கத்து வீட்டுப் பழைய கணினியில் தமிழ் எங்கே போனது?

மாணவர்களே, ஜோர்ஜ்டவுனில் உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடத்து மூலையில் துணி போர்த்திய ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. வீட்டுப் பெரியவர் உங்களைப் பார்த்து, "தம்பி, இதிலேதான் கோவில் கூட்டக் குறிப்பு, உறவுக்காரர்களுக்கு எழுதிய கடிதம் எல்லாம் தமிழில் அடித்து வைத்திருந்தேன். இப்போது திறந்தால் ஒரே கிறுக்கலாக வருகிறது. பார்த்துச் சொல்கிறாயா?" என்று கேட்கிறார்.

கோப்பைத் திறந்து பார்க்கிறீர்கள். பின்னக் குறிகள், நாணயக் குறிகள், தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள்! தமிழ் ஒன்றுகூட இல்லை. "கோப்பு கெட்டுப்போய்விட்டது, ஃபார்மட் போட்டுவிடலாம் தாத்தா" என்று சொல்ல வாய் வரும். சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் அந்தக் கோப்பு கெட்டிருக்காது. அதைப் படிக்கத் தேவையான ஒரு சிறு மென்பொருள் மட்டும் அந்தக் கணினியிலிருந்து காணாமல் போயிருக்கும். அது எது என்று கண்டுபிடித்துவிட்டால், இருபது ஆண்டுக்கு முந்தைய கடிதமும் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் திரும்பக் கிடைக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

கணினிக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே

கணினியின் வன்தட்டில் 'அ', 'ஆ' என்று எதுவும் எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைத்து, அந்த எண்களைத்தான் கணினி சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் அட்டவணைக்குக் குறியாக்கம் என்று பெயர். அந்த எண்ணைத் திரையில் எந்த வடிவமாக வரைய வேண்டும் என்று சொல்லும் கோப்புக்கு எழுத்துரு என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1990களின் இறுதியில் பரவலான 'திஸ்கி' என்ற குறியாக்கத்தில் 'தமிழ்' என்ற சொல் நான்கு எண்களாகச் சேமிக்கப்படும்: 190, 193, 162, 250. இதில் 190 என்பது 'த'. 193 என்பது 'ம'. 162 என்பது இகரக் கொக்கி. 250 என்பது 'ழ்'.

இதே நான்கு எண்களைத் திஸ்கி எழுத்துரு இல்லாத ஒரு விண்டோஸ் கணினி படித்தால் என்ன ஆகும்? அதற்குத் தெரிந்தது மேற்கு ஐரோப்பிய அட்டவணைதான். அந்த அட்டவணையில் 190 முக்கால் என்ற பின்னக் குறி. 193 தலையில் கோடு போட்ட 'ஏ'. 162 சென்ட் நாணயக் குறி. 250 தலையில் கோடு போட்ட 'யூ'. ஆகவே 'தமிழ்' இருந்த இடத்தில் முக்கால், ஏ, சென்ட், யூ என்று நான்கு கிறுக்கல்கள் தெரிகின்றன.

கவனியுங்கள்: கோப்பில் இருந்த நான்கு எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. படிக்கும் அட்டவணைதான் மாறிவிட்டது.

ஏன் இத்தனை அட்டவணைகள்?

அக்காலக் கணினிகளில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் இடம்தான். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை மொத்தம் 256 எண்களே அடங்கும். அவற்றில் 0 முதல் 127 வரை உள்ளவை ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறி ஆகியவற்றுக்குப் போய்விட்டன. மிச்சம் 128 இடங்கள். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

247-ஐ 128-க்குள் எப்படி அடக்குவது? கால், கொம்பு, கொக்கி போன்ற துணைக்குறிகளைத் தனியாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். 'கா' என்பதைக் 'க'வும் காலும் சேர்த்து எழுதினால் தனி இடம் வேண்டியதில்லை அல்லவா? ஆனால் 'து', 'பு', 'மு' போன்றவற்றில் உகரம் எழுத்தோடு ஒட்டி உருமாறிவிடுகிறது. அவற்றுக்குத் தனித்தனி எண் தேவைப்பட்டது.

இந்தப் புதிரை ஒவ்வொருவரும் தம் வழியில் தீர்த்தார்கள். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அது பின்னர் 'முரசு அஞ்சல்' ஆக வளர்ந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கினார். இலங்கைத் தமிழர்களிடையே 'பாமினி' எழுத்துரு பரவியது. ஒரு முறையில் அடித்ததை இன்னொரு முறையில் படிக்க முடியவில்லை. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலைப் படிக்க, அவர் பயன்படுத்திய எழுத்துருவையே மற்றவரும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பல நாட்டுத் தமிழர்கள் கலந்து பேசி உருவாக்கிய பொது அட்டவணைதான் திஸ்கி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி 'டாப்', 'டாம்' என்ற இரு குறியாக்கங்களும் 'தமிழ்99' விசைப்பலகையும் வந்தன. இந்த முயற்சிகளைத் தொடர 2000-ஆம் ஆண்டில் 'உத்தமம்' அமைப்பு தோன்றியது.

இவற்றுக்கு இணையாக, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பெரிய அட்டவணை என்ற திட்டமும் நடந்துகொண்டிருந்தது. அதுதான் ஒருங்குறி எனப்படும் யூனிகோடு. 1991-இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. விண்டோஸ் 2000 பதிப்பில்தான் 'லதா' என்ற ஒருங்குறித் தமிழ் எழுத்துரு விண்டோசோடு சேர்ந்தே வந்தது. அதற்கு முன்பு தமிழில் அடித்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பழைய அட்டவணையில்தான் அடித்திருப்பார்கள்.

மென்பொருள் எப்படிக் காணாமல் போனது?

எழுத்துருவும் தமிழ் மென்பொருளும் பொதுவாக விண்டோஸ் இருக்கும் 'சி' பகுதியில் பதியும். எழுத்துருக்களுக்கென்றே விண்டோஸ் கோப்புறைக்குள் ஒரு தனிக் கோப்புறை உண்டு. பெரியவரின் கடிதங்களோ 'டி' பகுதியில் இருந்திருக்கும்.

என்றோ ஒரு நாள் வைரஸ் வந்திருக்கும். கணினியைக் கடைக்குக் கொண்டு போயிருப்பார்கள். கடைக்காரர் 'சி' பகுதியை அழித்து விண்டோசைப் புதிதாகப் பதித்துக் கொடுத்திருப்பார். 'டி'யில் கை வைக்கவில்லை, கடிதங்கள் தப்பின. ஆனால் 'சி'யில் இருந்த தமிழ் எழுத்துரு அழிந்துவிட்டது. கடிதம் இருக்கிறது, படிக்கும் அட்டவணை போய்விட்டது.

சில வேளைகளில் முகப்புத் திரையில் மென்பொருளின் படம் மட்டும் இருக்கும். சொடுக்கினால் "கோப்பு இல்லை" என்ற செய்தி வரும். அந்தப் படம் வெறும் குறுக்குவழி. வீட்டு முகவரி எழுதிய சீட்டைப் போன்றது. வீட்டை இடித்துவிட்டால் சீட்டு மட்டும் இருந்து என்ன பயன்?

முதல் வேலை: நகல் எடுப்பது

எதையும் சரிசெய்யத் தொடங்கும் முன் கோப்புகளை நகலெடுங்கள். பழைய வன்தட்டு எந்த நேரமும் நின்றுபோகலாம். பினாங்கின் ஈரக்காற்றும் தூசும் அதன் மின்சுற்றுகளுக்கு நல்லதல்ல. பழைய நெகிழ்தட்டுகளிலும் குறுந்தட்டுகளிலும் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை:

• அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள். விண்டோஸ் 98-க்கு 2006-லும், விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும் மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்திவிட்டது. அவற்றின் பாதுகாப்பு ஓட்டைகள் இனி அடைபடா.

• திறந்ததும் தேதி ஏதோ ஒரு பழைய ஆண்டைக் காட்டினால் பயப்பட வேண்டாம். தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

• வன்தட்டில் 'டிக், டிக்' என்ற சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பில் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். மீண்டும் மீண்டும் இயக்கினால் இருப்பதும் போய்விடும்.

• மின்வழங்கிப் பெட்டியையும் பழைய குண்டுத் திரையையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான அளவு மின்னூட்டம் தங்கியிருக்கும்.

• விண்டோசின் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து நகலெடுங்கள். தேடும் எழுத்துரு சில நேரம் அங்கேயே ஒளிந்திருக்கும்.

விண்டோஸ் 98-இல் பென் டிரைவைச் செருகினால் பெரும்பாலும் அடையாளம் தெரியாது. அதற்குரிய இயக்கி மென்பொருள் வேண்டும். அப்போது வன்தட்டையே கழற்றி, அதற்கான யூஎஸ்பி இணைப்பியின் வழியாகப் புதிய கணினியில் பொருத்தலாம். உங்கள் ஆசிரியரோ கணினி தெரிந்த பெரியவர் ஒருவரோ பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்யுங்கள்.

துப்பறியும் நேரம்

இப்போது கோப்பு எந்த அட்டவணையில் எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு தடயங்கள் உங்களுக்கு உதவும்.

முதல் தடயம் எழுத்துருவின் பெயர். வேர்டு கோப்பாக இருந்தால் கிறுக்கல் வரியின்மேல் சொடுக்கி, மேலே உள்ள எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயரைக் கோப்பு நினைவில் வைத்திருக்கும். பெயர் 'டி.எஸ்.சி.' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது திஸ்கி. டாப், டாம், பாமினி எழுத்துருக்களையும் பெரும்பாலும் பெயரை வைத்தே அடையாளம் காணலாம்.

வெறும் உரைக் கோப்பில் எழுத்துருப் பெயர் இருக்காது. அப்போது இரண்டாவது தடயம் கைகொடுக்கும். அது எண்களின் சாயல். கிறுக்கல் முழுவதும் விசைப்பலகையில் உள்ள சாதாரண ஆங்கில எழுத்துகளாக இருந்தால், அதாவது எண்கள் 128-க்குக் கீழே இருந்தால், பாமினி வகையாக இருக்கலாம். பாமினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். பின்னக் குறிகளும் கோடு போட்ட எழுத்துகளும் நிறைந்திருந்தால் எண்கள் 128-க்கு மேலே உள்ளன. அது திஸ்கி, டாப், டாம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

சந்தேகம் தீர, தெரிந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். கடிதம் என்றால் முதல் வரியில் 'அன்புள்ள' இருக்கும். கூட்டக் குறிப்பு என்றால் கோவிலின் பெயர் அடிக்கடி வரும். ஒரு சொல் தெரிந்துவிட்டால் பல எழுத்துகளின் எண்கள் தெரிந்துவிடும். கல்வெட்டு ஆய்வாளர்கள் தெரியாத எழுத்துகளைப் படித்ததும் ஏறக்குறைய இதே வழியில்தான். தெரிந்த பெயரிலிருந்துதான் தொடங்கினார்கள்.

நீங்களே முயன்று பாருங்கள். மேலே படித்த எண்களோடு இன்னும் நான்கு தருகிறேன்: 197 என்பது 'வ', 161 என்பது கால், 242 என்பது 'த்', 208 என்பது 'து'. இப்போது 197, 161, 250, 242, 208 என்ற ஐந்து எண்களைப் படியுங்கள். 'வாழ்த்து' என்று வந்ததா? இதே வேலையைத்தான் எழுத்துரு ஒவ்வொரு முறையும் ஒரு நொடிக்குள் செய்து முடிக்கிறது.

மீட்க இரண்டு வழிகள்

ஒரு வழி, காணாமற்போன மென்பொருளையே திரும்ப வைப்பது. எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதை நிறுவி, அந்த வரிகளுக்கு அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் போதும், தமிழ் தெரியும். பழைய தமிழ் மென்பொருளே தேவை என்றால் புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அதில் பழைய விண்டோசை இயக்கலாம். 'விர்ச்சுவல்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். ஆனால் விண்டோசுக்கும் தமிழ் மென்பொருளுக்கும் பெரியவரிடம் உரிமம் இருக்க வேண்டும். மூல வட்டு அலமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் தெரியாத தளங்களிலிருந்து திருட்டுப் பதிப்புகளை இறக்கினால் வைரசும் கூடவே வரும்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. கடிதத்தை அந்த ஒரு கணினியில் மட்டுமே படிக்க முடியும். பேரப்பிள்ளையின் கைப்பேசிக்கு அனுப்பினால் மறுபடியும் கிறுக்கல்தான்.

ஆகவே இரண்டாவது வழியே நிலையானது. பழைய எண்களை ஒருங்குறி எண்களாக மாற்றிவிடுவது. சென்னையில் உருவான என்.எச்.எம். கன்வெர்ட்டர், சுரதா யாழ்வாணனின் 'பொங்கு தமிழ்' போன்ற மாற்றிகள் இதற்கென்றே எழுதப்பட்டவை. லினக்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதனோடு வரும் 'ஐகான்வ்' கட்டளைக்கே திஸ்கி தெரியும். ஒருங்குறியில் 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்கள். 'ழ்' என்ற ஒரே எண் இங்கே 'ழ'வும் புள்ளியுமாகப் பிரிந்துவிடுகிறது. பழைய நான்கு பைட், இன்று வழக்கில் உள்ள யூடிஎஃப்-8 முறையில் 15 பைட் ஆகும். இடம் கூடுதல்தான். ஆனால் உலகின் எந்தக் கணினியும் கைப்பேசியும் இதைப் படிக்கும்.

மாற்றியபின் சரிபாருங்கள்

மாற்றி வேலை செய்யும்போது எண்ணுக்கு எண் வைத்தால் மட்டும் போதாது. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும்: கொம்பு 166, 'க' 184, கால் 161. ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில் எழுதும்: முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. மூன்று எண்கள் இரண்டாகி, வரிசையும் மாறுகிறது. மாற்றி இதைச் சரியாகச் செய்யாவிட்டால் கொம்பு ஓர் எழுத்து தள்ளிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

'இ' என்ற எழுத்தையும் தனியாகப் பாருங்கள். திஸ்கியின் முற்பட்ட பதிப்பில் அதற்கு 173 என்ற எண். விண்டோசிலோ அந்த எண் வரி முடிவில் மட்டும் தலைகாட்டும் ஓர் இணைகோட்டுக்கு உரியது. அதனால் 'இ' கண்ணில் படாமல் மறைந்துபோகும் சிக்கல் ஏற்பட்டது. பின்னர் 'இ'க்கு 254 என்ற எண் தரப்பட்டது. பழைய கோப்பை மாற்றியபின் 'இந்த', 'இருக்கிறேன்' போன்ற சொற்கள் முதலெழுத்து இல்லாமல் வந்திருந்தால் காரணம் இதுதான்.

ஆகவே மாற்றிய கோப்பைப் பெரியவரோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். தேதி, பெயர், தொகை ஆகியவற்றைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். நாளை இதைவிட நல்ல மாற்றி வரக்கூடும்.

இது ஒரு வீட்டுச் சிக்கல் மட்டுமா?

1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கி வருகிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் இதை வழிநடத்தினார். அதன் தொடக்க காலக் கோப்புகளும் திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில்தான் இருந்தன. பிறகு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினார்கள். அதனால்தான் அந்த நூல்களை இன்று நீங்கள் கைப்பேசியிலேயே வாசிக்க முடிகிறது.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு நிகழ்ச்சி. 1086-இல் கையால் எழுதிய 'டூம்ஸ்டே' என்ற நிலப்பதிவேட்டின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, 1986-இல் பிபிசி ஒரு கணினிப் பதிவேட்டை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் அந்த வட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. 900 ஆண்டுப் பழைய ஏட்டைப் படிக்க முடிந்தது, புதிய வட்டைப் படிக்க முடியவில்லை! லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளை எழுதி, 2002-இல் அதைத் திறந்து காட்டினார்கள்.

நம் ஓலைச்சுவடிகளுக்கும் இது பொருந்தும். ஓலை கிழியாமலிருக்க மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். ஓலை கையில் இருந்தாலும், புள்ளி எங்கே வர வேண்டும் என்று தெரிந்தவரே அதைச் சரியாகப் படிக்க முடிந்தது. எழுத்தைக் காப்பதென்றால் அதைப் படிக்கும் வழியையும் சேர்த்துக் காக்க வேண்டும்.

பினாங்கு வன்பொருளுக்குப் பெயர்பெற்ற ஊர். 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்தும் ஆலையைப் பாயான் லெப்பாசில்தான் தொடங்கியது. பழுதான சில்லுக்குப் பதில் வேறு சில்லை வாங்கிவிடலாம். ஆனால் பெரியவர் தம் அக்காவுக்கு எழுதிய கடிதத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

உங்களுக்கு மூன்று வேலைகள்

ஒன்று: வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய கணினியைத் தூக்கிப் போடப் போகிறார்கள் என்றால், உள்ளே தமிழ்க் கோப்பு உண்டா என்று கேளுங்கள்.

இரண்டு: பிறர் கோப்பைத் திறக்கும் முன் அவர்களின் அனுமதியைப் பெறுங்கள். எவற்றை மீட்க வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். மீட்ட கடிதத்தை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மூன்று: நீங்கள் இன்று எழுதுவதை ஒருங்குறியில் எழுதுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

மீட்ட கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தபின், கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒரு பிரதி அச்சடித்தும் கொடுங்கள். அதைப் படிக்க எந்த மென்பொருளும் வேண்டாம், மூக்குக் கண்ணாடி போதும்.